முதல் மாதத்துச் சிநேகிதம்

திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் சென்னைக்கு ரயில் ஏறுகிற பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்பும் புத்திமதிகள் பெரும்பாலும் மூன்றுதான். வேளாவேளைக்குச் சாப்பிடு, தினமும் பைபிள் வாசி, கெட்ட சகவாசம் வேண்டாம். முதல் இரண்டையும் எப்படிச் செய்வது என்று பிள்ளைக்குத் தெரியும். மூன்றாவதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கெட்ட சகவாசம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு ஒருவரும் வருவதில்லையே. பெட்டியை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவன், முதல் சம்பளம் வரும்வரை மெஸ் பணம் கட்டியவன், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வாங்கி வந்தவன்தான் நாலாம் மாதம் “ஒண்ணும் ஆகாதுடா, வா” என்று கூப்பிடுகிறான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மனம் வராது. சொல்லவும் வேண்டியதில்லை. அவன் கூப்பிடும்போது நம் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

புது ஊரில் யாரோடு சாப்பிடப் போகிறோம், யாரோடு பஸ் ஏறுகிறோம், ஞாயிற்றுக்கிழமை காலை நம்மை யார் எழுப்புகிறார்கள் என்பதெல்லாம் முதல் மாதத்திலேயே தானாக அமைந்துவிடுகிறது. நாமே தேர்ந்தெடுத்த சிநேகிதர்கள் என்று பிறகு சொல்லிக்கொள்வோம். விடுதி வார்டன் ஒதுக்கிய கட்டில்தான் பல நேரம் அந்த வேலையைச் செய்திருக்கும். இதனால்தான் முதல் மாதத்துக்கென்று தனியாக ஒரு அத்தியாயம். சோதனை வருவதற்கு முன்பே துணையைத் தேடிக்கொள்ளுங்கள். வந்த பிறகு தேட அவகாசம் இருக்காது.

அலிப்பியஸ் கண்ணை மூடிக்கொண்ட நாள்

4ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் தகஸ்தே ஊரிலிருந்து சட்டம் படிக்க ரோமாபுரிக்குப் போனவர் அலிப்பியஸ். சபைப் பிதாவான அகுஸ்தீனுக்கு அவர் ஊர்க்காரர், உயிர்த்தோழர். மனிதனை மனிதன் வெட்டிச் சாய்ப்பதை ஊரே கூடி வேடிக்கை பார்க்கும் அரங்க விளையாட்டு அவருக்கு அறவே பிடிக்காது. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்த உடன்மாணவர்கள் வழியில் அவரைப் பார்த்து, சிரித்துப் பேசிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். உடம்பை இழுத்துப் போனால் என்ன, என் மனதை இழுக்க முடியாது என்ற தைரியத்தில் அவரும் போய் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதை மூடவில்லை. களத்தில் ஒருவன் அடிபட்டு விழ, கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. என்னவென்று பார்க்கக் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். அதன்பின் மூடவில்லை. அவரும் எழுந்து கத்தினார். மறுபடி மறுபடி வந்தார். தன்னை இழுத்து வந்தவர்களையும் முந்திக்கொண்டு போகிறவராகி, புது ஆட்களையும் இழுத்துப் போனார். அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலின் 6ஆம் பாகத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

அலிப்பியஸிடம் கொள்கை இல்லாமல் இல்லை. அந்த விளையாட்டின் மேல் உண்மையான வெறுப்பே இருந்தது. “நான் கூட வருவேன், ஆனா தொடமாட்டேன்” என்று நம் பிள்ளைகள் சொல்வார்களே, அதே உறுதிதான். அந்த உறுதியை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கூட்டத்தின் நடுவில் தனி ஒருவனின் உறுதி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அந்த அரங்கம் காட்டிவிட்டது. அகுஸ்தீனுக்கும் இது சொந்த அனுபவம். 16 வயதில் பையன்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதை அதே நூலில் நினைவுகூர்கிறார். பசிக்காகத் திருடவில்லை, பழத்தைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்பது அவருடைய முடிவு.

அலிப்பியஸின் கதை அந்த அரங்கத்தோடு முடிந்துவிடவில்லை. அந்தப் பிடியிலிருந்து கடவுள் அவரை விடுவித்தார், ஆனால் வெகுநாள் கழித்து. 386இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அகுஸ்தீனின் வாழ்க்கை திரும்பிய அன்று, கூடவே இருந்தவர் அலிப்பியஸ். அடுத்த ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் அம்புரோஸ் ஆயரின் கையால் இருவரும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். கூட்டத்தோடு சேர்ந்து விழுந்தவர், சிநேகிதனோடு சேர்ந்து எழுந்தார்.

சபைக்குள்ளேயும் பார்த்துப் பழகுங்கள்

நம் சபைப் பிள்ளைகளோடு மட்டும் பழகினால் போதும், பயமில்லை என்று நினைக்கும் பெற்றோர் 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். தாவீதின் மகன் அம்னோன், தன் தங்கை முறையான தாமார் மேல் தகாத ஆசை வைத்து உருகுகிறான். அரண்மனையில் யாரும் கவனிக்காததை ஒருவன் கவனிக்கிறான். அவன் யோனதாப், அம்னோனுடைய பெரியப்பன் மகன். ஏன் நாளுக்கு நாள் மெலிந்துபோகிறாய் என்று அக்கறையோடு விசாரிக்கிறான். நல்ல சிநேகிதன் செய்கிற காரியம்தானே? ஆனால் விஷயத்தைக் கேட்டதும், இது பாவம், விட்டுவிடு என்று சொல்லவில்லை. நோயாளிபோலப் படுத்துக்கொள், தாமாரை அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கேள் என்று வழி சொல்லிக் கொடுக்கிறான். தாமாரின் வாழ்க்கை அதில் பாழாகிறது. இரண்டு வருஷம் கழித்து தாமாரின் உடன்பிறந்த சகோதரன் அப்சலோம் அம்னோனைக் கொன்றபோது, ராஜகுமாரர் எல்லாரும் செத்தார்கள் என்று வதந்தி வருகிறது. அப்போது தாவீதின் முன்னால் நின்று, எல்லாரும் சாகவில்லை, அம்னோன் ஒருவன்தான், இது அன்றைக்கே தீர்மானமான காரியம் என்று பதறாமல் சொல்கிறவனும் இதே யோனதாப்தான். யோசனை சொன்ன வாய்தான் சாவுச் செய்தியையும் சொல்லிற்று.

யோனதாப் வெளியாள் இல்லை, சொந்த ரத்தம். இன்றைக்கு அவன் பாடகர் குழுவில் நமக்கு அடுத்து நிற்பவனாக இருக்கலாம். ஆராதனை முடிந்து பைக் ஸ்டாண்டில் நின்றபடி நம்மை ஒரு வேண்டாத வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறவனாக இருக்கலாம். அதே நேரம், “நாளைக்கு உனக்கு சர்ச் இருக்குல்ல, படத்தை நிறுத்திட்டுத் தூங்குடா” என்கிற இந்து அறைத்தோழனும், இரவு எட்டரைக்கு மேல் தனியாக வரவேண்டாம் என்று பஸ் ஸ்டாப்பில் வந்து காத்திருக்கிற முஸ்லிம் தோழியும் இருக்கிறார்கள். அவர்களைக் கடவுள் கொடுத்த துணையாகவே எண்ணி நன்றி சொல்லுங்கள். ஜெபிப்பதற்கும் வேதத்தை வைத்து ஆலோசனை கேட்பதற்கும் விசுவாசத்தில் நம்மோடு நிற்கிற ஒருவர் கட்டாயம் வேண்டும். அதற்காக மற்றவர்களை இரண்டாம் தரமாக நடத்துவது கிறிஸ்துவின் வழியல்ல.

பெண் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெபம் செய்கிறேன், ஆலோசனை தருகிறேன், தரிசனம் கிடைத்தது என்று நெருங்கும் எவரும், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் சரி, “இது நமக்குள்ளேயே இருக்கட்டும்மா” என்று சொன்ன அந்த நிமிஷமே அந்த உறவை நிறுத்திவிடுங்கள். அன்றே அம்மாவிடமோ நம்பிக்கையான அக்காவிடமோ சொல்லுங்கள். உங்கள் மேல் தப்பில்லை. தனியறையும் ரகசியமும் கேட்கிற ஆவிக்குரிய ஆலோசனை என்று ஒன்று கிடையாது. ஆண் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும்.

ஆளை எப்படி அறிவது

பழகி மூன்று வாரம் ஆனால் போதும், சில விஷயங்கள் கண்ணில் படும். பக்கத்தில் இல்லாதவனைப் பற்றி அவன் என்ன பேசுகிறான்? மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற அக்காவிடம் எந்தக் குரலில் பேசுகிறான்? வாங்கிய இருநூறு ரூபாயை நினைவுபடுத்தாமலே திருப்பித் தருகிறானா? நாம் “இல்லடா, நான் வரல” என்று சொன்னதும் அவன் முகம் எப்படிப் போகிறது? கடைசிக் கேள்வி முக்கியம். வேண்டாம் என்று சொன்னாலும் நாளைக் காலை டீ குடிக்க வழக்கம்போலக் கூப்பிடுகிறவன் நம்மை நேசிக்கிறான். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறவனுக்குத் தேவை கூட்டத்துக்கு ஒரு ஆள்.

ஆனால் எனக்கு அதிக நம்பிக்கையான சோதனை அவனைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டு “எங்கப்பா இருக்க?” என்று கேட்கும்போது நம் பதில் என்னவாகிறது என்று கவனியுங்கள். முன்பெல்லாம் கதை கதையாகச் சொன்ன பிள்ளை இப்போது “ரூம்லதான்மா” என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறதா? அழைப்பை எடுப்பதற்கு முன் வெளியே போய் நிற்க வேண்டியிருக்கிறதா? போனை யாராவது கேட்டால் முதலில் எதையாவது அழிக்க வேண்டியிருக்கிறதா? ஒரு சிநேகிதத்துக்காக வீட்டில் பொய் சொல்லத் தொடங்கிவிட்டால், அந்தச் சிநேகிதத்தைப் பற்றி இனி யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டியதில்லை.

வேண்டாம் என்று சொல்லும் விதம்

தானியேலும் அனனியாவும் மீஷாவேலும் அசரியாவும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டபோது அவர்களும் வாலிபப் பிள்ளைகள்தான். ஊர் புதிது, பாஷை புதிது, பெயரையே மாற்றிவிட்டார்கள். தானியேல் புதுப் பெயருக்குச் சண்டை போடவில்லை. கல்தேயரின் படிப்பையும் படித்தார். ராஜாவின் போஜனம் என்ற ஒரே இடத்தில் கோடு போட்டார். பந்தியில் உட்காருவதற்கு முன்பே போட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதையும் பணிவோடுதான் கேட்டார். பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று விசாரிப்புக்காரனிடம் வேண்டிக்கொண்டார். பிற்பாடு ராஜாவின் சொப்பனத்தால் உயிருக்கே ஆபத்து வந்தபோது, வீட்டுக்குப் போய் அந்த மூன்று பேரிடமும் சொல்லி ஜெபிக்கச் சொன்னார். 3ஆம் அதிகாரத்தில் அக்கினிச் சூளையின் முன் அந்த மூவர் நிற்கும்போது தானியேலின் பெயரே அங்கே இல்லை. தானியேல் பக்கத்தில் இல்லாத நாளிலும் அவர்கள் அசையவில்லை.

ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று ஈசிஆர் ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். கிளாஸ் கைமாறி நம் பக்கம் வருகிறது. அந்த நேரத்தில் பலர் “மாத்திரை சாப்பிடுறேன்” என்று ஒரு காரணம் சொல்லித் தப்பிப்பார்கள். அந்தக் காரணம் ஒரு வாரம்தான் தாங்கும். மாத்திரை முடிந்ததா என்று அடுத்த மாதம் கேட்பார்கள். பொய் சொன்னதாகவும் ஆகிறது. அதைவிட, “நான் குடிக்கிறதில்லைண்ணே. எனக்கு ஒரு லெமன் சோடா சொல்லுங்க” என்று சிரித்த முகத்தோடு ஒரே தடவை சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய் உட்காருங்கள். பிரசங்கம் வேண்டாம். குடிக்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம். இரண்டாம் முறை வற்புறுத்தினால் அதே வாக்கியம், அதே குரல். நான்கு அவுட்டிங் போவதற்குள் “அவனுக்கு சோடா” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கிளம்பும் முன்பே திரும்பிவர வண்டியை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அடுத்தவன் காரை நம்பிப் போனவன் அவன் எழும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஓட வேண்டிய இடங்கள்

சில சோதனைகளின் முன்னால் நின்று வாதாடவே கூடாது, விலகி ஓட வேண்டும். போத்திபார் வீட்டில் யோசேப்பு செய்தது அதுதான். போத்திபாரின் மனைவி நாள்தோறும் பேசினாள். அவளருகே இருப்பதையே தவிர்த்தார் என்கிறது ஆதியாகமம் 39. கடைசியில் வஸ்திரத்தையும் விட்டுவிட்டு ஓடினார். அதற்குப் பலன் சிறைச்சாலை. நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று வேதம் எங்கும் ஆசை காட்டவில்லை.

இன்றைய வாலிபருக்கு அந்த வீடு பெரும்பாலும் கையிலேயே இருக்கிறது. ஆபாச வீடியோ, கிரிக்கெட் பந்தயம், ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிற ஆப் எல்லாமே ராத்திரி பதினொன்றுக்கு மேல், போர்வைக்குள், தனிமையில்தான் ஆளைப் பிடிக்கின்றன. ஆகவே செய்ய வேண்டியதும் அந்த இடத்தில்தான். போனைக் கட்டிலுக்கு எட்டாத பிளக்கில் சார்ஜ் போடுங்கள். எழுப்ப ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்குங்கள். வேண்டாத குழுவிலிருந்து இப்போதே வெளியேறுங்கள். விளக்கம் சொல்லத் தேவையில்லை. பந்தயத்தில் பணம் போய்விட்டால் அதை மீட்க இன்னொரு பந்தயம் என்று இறங்கவே இறங்காதீர்கள். எவ்வளவு போயிற்று என்று அண்ணனிடமோ அப்பாவிடமோ சொல்லி அழுவது மேல். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இளமையின் இச்சைகளை விட்டு ஓடச் சொல்கிறார். அதே வாக்கியத்தில், சுத்த இருதயத்தோடு கர்த்தரைத் தேடுகிறவர்களோடு சேர்ந்து நல்லதை நாடும்படியும் சொல்கிறார். பலர் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து, தனியாக ஓடிக் களைத்துப்போகிறார்கள்.

பழைய சிநேகிதரை என்ன செய்வது

இரட்சிக்கப்பட்ட வாரத்திலேயே பழைய கூட்டாளிகள் அத்தனை பேரையும் பிளாக் செய்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. எல்லோரிடமும் அப்படிச் செய்வது சரியில்லை. ஆயக்காரனாகிய லேவி இயேசுவைப் பின்பற்றிய உடனே தன் வீட்டில் விருந்து வைத்தான். வந்தவர்கள் அவனுடைய பழைய ஆயக்காரக் கூட்டம்தான். இயேசுவும் அவர்களோடு பந்தியிருந்தார். ஆனால் விருந்து நடந்தது லேவியின் வீட்டில், இயேசுவைத் தலைமை விருந்தாளியாக வைத்து. அதே மாதிரி, ஆளை விடாமல் இடத்தையும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி பாருக்குக் கூப்பிடுகிறவனை ஞாயிறு மாலை பீச்சுக்கோ கிரிக்கெட்டுக்கோ நீங்கள் கூப்பிடுங்கள். வருகிறவன் சிநேகிதன். கஞ்சா விற்கிறவன், பந்தயப் பணம் வசூலிக்கிறவன், அடிதடிக்கு ஆள் சேர்க்கிறவன் ஆகியோருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்காக ஜெபியுங்கள், தூரத்திலிருந்து.

விழுந்தவர்களுக்கு

இதையெல்லாம் வாசித்துவிட்டு, எனக்கு இது தாமதம், நான் ஏற்கெனவே விழுந்துவிட்டேன் என்று நினைக்கிறவர் இருப்பீர்கள். பிரதான ஆசாரியனின் அரண்மனை முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டே பேதுரு இயேசுவை மறுதலித்தார். யூதாஸ் காட்டிக்கொடுத்தான். இருவரும் மனம் நொந்தார்கள். யூதாஸ் வெள்ளிக்காசைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பாவத்தில் தனக்குக் கூட்டாளிகளாக இருந்த ஆசாரியர்களிடமே போனான். எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று அவர்கள் கைவிட்டார்கள். பேதுரு சீஷர்கள் இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தார். கல்லறை காலியாக இருக்கிறது என்ற சேதி வந்தபோது அவர் அவர்களோடு இருந்தார். கடற்கரையில் இயேசு அவரைத் தேடிவந்து மறுபடி ஊழியத்தைக் கொடுத்தபோதும் கூடச் சிலர் இருந்தார்கள். விழுந்த ராத்திரியே, வெட்கம் எவ்வளவு இருந்தாலும், சபையிலுள்ள ஒருவருக்குப் போன் போடுங்கள். ஒரு மாதம் ஆராதனைக்குப் போகாமல் சரியான பிறகு போகலாம் என்று காத்திருந்து பின்வாங்கிப் போனவர்கள் ஏராளம்.

ஒரே ஒரு ஆள்

1844இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது ஜவுளிக்கடை ஊழியர் இருந்தார். கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கடைக்காரர்களே கொடுத்த விடுதியில் நெருக்கியடித்துத் தங்கி, காலையிலிருந்து ராத்திரிவரை வேலை செய்து, மிச்ச நேரத்தை மதுக்கடையில் தொலைத்த உடன் ஊழியர்களைப் பார்த்து வருந்தினார். மாடி அறையில் சிலரோடு ஜெபிக்கத் தொடங்கினார். ஜூன் 6ஆம் தேதி அவரும் இன்னும் பதினொரு பேரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஒய்எம்சிஏ. 1890இல் அது சென்னைக்கும் வந்தது. இன்று தி.நகர் ஜவுளிக்கடை விடுதிகளில் தங்கியிருக்கும் தென்மாவட்டப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அந்த மாடி அறை ஒவ்வொரு விடுதியிலும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பன்னிரண்டு பேர் கிடைக்காவிட்டால் ஒருவர் போதும். ஆயிரம் பேர் கூடும் சபையில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்தால் அந்த ஒருவர் கிடைக்கமாட்டார். முதல் இரண்டு ஞாயிறுகளுக்குள் நடந்துபோகும் தூரத்தில் ஒரு சபையைப் பாருங்கள். ஊர்ச் சேகரத்து ஐயாவிடம் ஒரு கடிதம் வாங்கிவந்து அங்குள்ள ஆயரிடம் கொடுங்கள். வாலிபர் ஐக்கியத்துக்கோ வீட்டு ஜெபக் கூட்டத்துக்கோ போய், கடைசியில் நாற்காலி அடுக்க நில்லுங்கள். ஆட்கள் பேசிப் பழகுவது அப்போதுதான். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண், நம்மைவிடச் சில வயது மூத்தவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராக, முகத்துக்கு நேராக “நீ செய்றது தப்பு தம்பி” என்று சொல்லக்கூடியவராக ஒருவரைத் தேடுங்கள்.

யாராவது ஒருவருடைய பெயர் இப்போது உங்கள் மனதில் வந்திருக்கும். அதை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். பிறகு போனை எடுத்து, “அண்ணே, வாரத்துக்கு ஒருதடவை என்கிட்ட எப்படி இருக்கேன்னு கேக்கணும், நான் உண்மையைச் சொல்லணும், முடியுமா?” என்று கேளுங்கள். அக்காவாக இருந்தால் அக்காவிடம் அப்படியே கேளுங்கள். அவர்களால் முடியாது என்றால் மனம் சோராமல் நாளைக்கு இன்னொருவரிடம் கேளுங்கள்.